சுண்ணாம்பு படிந்த வறண்ட நில மண் (கால்சிசால்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்சிசால் என்பது எந்த மண்?

வறண்ட, பாதி வறண்ட நிலங்களில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு திரண்டு ஓர் அடுக்காகப் படிந்திருக்கும் மண். உலக மண் வகைப்பாட்டின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள 32 பெரும் குழுக்களில் இதுவும் ஒன்று. அந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 100 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்க வேண்டும். அதன் தடிமன் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், 15 சதவீதமாவது இருக்க வேண்டும். அமெரிக்க வகைப்பாட்டில் இதே மண்ணின் பெரும்பகுதி அரிடிசால் என்னும் பெரும்பிரிவில், கால்சிட் என்ற துணைப்பிரிவாக வருகிறது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடலாம். சுண்ணாம்புப் பாறை உடைந்து உண்டான மண்ணிலும் சுண்ணாம்பு இருக்கும். ஆனால் அது தாய்ப்பாறை விட்டுச்சென்ற மிச்சம். கால்சிசாலில் நாம் தேடுவது, தண்ணீரில் கரைந்து, இடம் பெயர்ந்து, வேறோர் ஆழத்தில் மறுபடி படிந்த சுண்ணாம்பு. இந்த மண்ணைப் பற்றிய கேள்விகள் பலவற்றுக்கும் விடை, சுண்ணாம்பு எத்தனை சதவீதம் என்பதில் இல்லை. அது எந்த ஆழத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கூட அறிக்கையில் மேல்மண்ணின் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பாதி மண்ணைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நிலத்தில் நின்று இதை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு மீட்டர் குழி வெட்டினால் போதும். மேலே வெளிர் பழுப்பு நிறத்தில், மக்கு குறைந்த மெல்லிய மண். கீழே போகப் போக நிறம் வெளிறும். முதலில் வேர்த்துளைகளிலும் மண்கட்டிகளின் முகங்களிலும் வெள்ளை நூலிழைகள், பிறகு பஞ்சுபோன்ற வெண்புள்ளிகள், அதற்கும் கீழே கையில் எடுத்து உடைக்கக்கூடிய சுக்கான் கட்டிகள் (இறுகிய சுண்ணாம்பு உருண்டைகள்). சரளை மண்ணாக இருந்தால் கற்களின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். கல்லின் அடிவயிற்றில் தொங்கும் நீர்த்துளி காய்ந்து விட்டுச்சென்ற படிவு அது.

உறுதிப்படுத்த, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் மண் நுரைக்கும். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போவது நல்லது. நுரை எங்கே தொடங்குகிறது, எங்கே பொங்குகிறது, எங்கே அடங்குகிறது என்ற மூன்று ஆழங்களையும் குறித்துக்கொண்டால் அந்த மண்ணின் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும். அமிலம் கிடைக்காவிட்டால் வினிகர் உதவும். நுரை மெதுவாகவும் குறைவாகவும் வரும், அவ்வளவே.

சுண்ணாம்பு ஏன் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் போய் நிற்கிறது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. வெளிக்காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 0.04 சதவீதம்தான். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்காற்றிலோ அதைவிடப் பல மடங்கு கூடும். எனவே வேர்ப்பகுதியில் இறங்கும் நீர் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து, கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் கீழே கொண்டுபோகிறது.

ஈரமான நாடுகளில் இந்த நீர் நிலத்தடி நீரோடு கலந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடும். வறண்ட நிலத்தில் அதற்கு அவ்வளவு தூரம் போக வலிமை இல்லை. அரை மீட்டரோ முக்கால் மீட்டரோ இறங்குவதற்குள் வேர்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன, மிச்சம் ஆவியாகிறது. ஆழத்தில் உயிர்ப்பு குறைவதால் கார்பன் டை ஆக்சைடும் குறைகிறது. மண் சூடேறும்போது கரைதிறன் இன்னும் தாழ்கிறது. தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே வேதியியல்தான். இத்தனையும் சேர்ந்து சுண்ணாம்பை அந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிடுகின்றன. ஒவ்வொரு மழையும் ஏறத்தாழ அதே ஆழத்தில் களைத்துப்போவதால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது ஓர் அடுக்காகிறது.

இத்தனை கால்சியம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலோர் தாய்ப்பாறை என்று சொல்வார்கள். பல இடங்களில் அது சரியும்கூட. ஆனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசஸ் நகரைச் சுற்றி 1957இல் தொடங்கிய பாலைநில மண் ஆய்வுத் திட்டம் அந்த எண்ணத்தைக் குலைத்தது. அங்கே சுண்ணாம்பே ஏறத்தாழ இல்லாத ரயோலைட் எரிமலைப் பாறைச் சரளையிலும் தடித்த சுண்ணாம்பு அடுக்குகள் இருந்தன. பாறையில் இல்லாதது மண்ணில் எப்படி வந்தது? காற்றில் வரும் தூசியிலும் மழைநீரிலும் கரைந்து வந்த கால்சியம்தான் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். பின்னர் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் அணுவகைகளை)க் கொண்டு செய்த ஆய்வும் அதையே உறுதி செய்தது. ஆக, இந்த மண்ணின் கணிசமான பகுதி மேலிருந்து வந்து இறங்கியது.

எவ்வளவு மழை பெய்யும் இடங்களில் இது உருவாகும்?

மழையின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆவியாகக்கூடிய நீரின் அளவு மழையைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் கணக்கு. பொதுவாக ஆண்டின் பெரும்பகுதியில் மண் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் ஒரு பருவத்திலாவது சுண்ணாம்பைக் கரைத்து நகர்த்தும் அளவுக்கு ஈரம் இறங்க வேண்டும். முற்றிலும் மழையற்ற பாலையில் சுண்ணாம்பு நகர்வதற்கே நீர் இருக்காது.

மழைக்கும் சுண்ணாம்பின் ஆழத்துக்கும் உள்ள உறவை மண் ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஜென்னியும் லெனார்டும் 1934இல் எண்களாக்கினார்கள். அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில், வெப்பநிலையும் தாய்ப்பொருளும் ஒத்திருக்கும் ஒரு கோட்டில், வறண்ட மேற்கிலிருந்து ஈரமான கிழக்கு நோக்கி மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். மேற்கே சுண்ணாம்பு மேலேயே இருந்தது. கிழக்கே போகப் போக அது கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. அழகான உறவு, அதனாலேயே பலர் அதை அளவுக்கு மீறி நம்பினார்கள். பழங்கால மண்ணில் சுண்ணாம்பின் ஆழத்தை அளந்து அன்றைய மழையைக் கணிக்கும் பழக்கமும் பரவியது. 1999இல் டானா ராயர் என்ற ஆய்வாளர் நிறைய மண் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பல்வேறு நிலங்களை ஒன்றாகக் கலந்தால் அந்த உறவு மிகவும் பலவீனமானது என்று தெரிந்தது. ஆனால் ஒன்று நிலைத்தது: சுண்ணாம்பு படிந்த மண் பெரும்பாலும் ஆண்டு மழை 760 மி.மீ.க்குக் குறைந்த இடங்களில்தான் இருந்தது. பருவமழை நாடுகளில் இந்த எல்லையும் தளரும். கங்கைச் சமவெளியில் 1,000 மி.மீ. பெய்யும் இடங்களிலும் சுக்கான் கட்டிகள் உண்டு, ஏனென்றால் மழை சில மாதங்களில் கொட்டி முடிந்து, பிறகு நீண்ட வறண்ட காலம் தொடர்கிறது.

நிலப்பரப்பில் இது எங்கே அமர்ந்திருக்கும்?

மலையடிவாரத்தில் விசிறிபோல் விரியும் வண்டல் சரிவுகள், பழைய ஆற்றுப் படிகள், காற்று கொண்டுவந்து குவித்த நுண்வண்டல் சமவெளிகள், பழைய ஏரிப் படுகைகள். பொதுவாகச் சமதளமோ மென்சரிவோ ஆன இடம். மண் பல்லாயிரம் ஆண்டுகள் கலையாமல் கிடந்த இடம். செங்குத்தான சரிவில் அடுக்கு உருவாகும் முன்பே அரிப்பு அதை அள்ளிக்கொண்டு போய்விடும். தாவரங்கள் அடர்த்தியற்று இருக்கும்: முட்புதர்கள், வறட்சி தாங்கும் சிறுமரங்கள், மழை கண்டதும் முளைத்துச் சில வாரங்களில் விதைத்து முடிக்கும் புற்கள்.

வறண்ட சரிவு ஒன்றில் மேலிருந்து கீழே நடந்தால், உப்புகள் தம் கரைதிறனுக்கு ஏற்ப வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சுத்த நீரில் லிட்டருக்குச் சுமார் 0.014 கிராம்தான் கால்சியம் கார்பனேட் கரையும். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) ஏறத்தாழ 2.4 கிராம் கரையும். சமையல் உப்போ சுமார் 360 கிராம். அதனால் மேட்டுப் பகுதியில் கால்சிசால், அதற்குக் கீழே ஜிப்சம் படிந்த ஜிப்சிசால், வடிகாலற்ற தாழ்வில் உப்பு பூத்த சோலன்சாக் என்று வரிசை அமைவது வழக்கம். ஒரே குழியின் உள்ளேயும் இதே வரிசை வரும்: மேலே சுண்ணாம்பு, கீழே ஜிப்சம், அதற்கும் கீழே உப்பு. இந்த வரிசை தலைகீழாக இருந்தால், நீர் மேலிருந்து இறங்கவில்லை, நிலத்தடியிலிருந்து ஏறுகிறது என்று பொருள். பாசனத் திட்டம் வகுப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் எச்சரிக்கை இது.

உலகில் எங்கெங்கே?

மதிப்பீடுகள் 80 கோடி ஹெக்டேரிலிருந்து 100 கோடி ஹெக்டேர் வரை சொல்கின்றன. வட ஆப்பிரிக்கா, சிரியா முதல் ஈரான் வரையிலான நிலங்கள், மத்திய ஆசியா, பாகிஸ்தானும் வடமேற்கு இந்தியாவும், சோமாலியா, நமீபியா, அமெரிக்காவின் தென்மேற்கு, வட மெக்சிகோ, அர்ஜென்டினா, தெற்கு ஆஸ்திரேலியா, ஸ்பெயினின் வறண்ட பகுதிகள்.

சுண்ணாம்பு அடுக்கு உண்மையிலேயே பாறையாகிவிடுமா?

ஆகும். இதை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டியவர்கள் அதே நியூ மெக்சிகோ திட்டத்தின் கைல், பீட்டர்சன், கிராஸ்மேன் ஆகியோர் (1966). முதல் நிலையில் இழைகளும் கல்லின் மேல் பூச்சும் மட்டும். இரண்டாம் நிலையில் கட்டிகள். மூன்றாம் நிலையில் கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து துளைகளை அடைத்துவிடும். துளை அடைபட்டதும் நீர் இறங்க வழியின்றி மேலேயே தேங்கும். அங்கே ஏடு ஏடாகச் சுண்ணாம்பு படியும். அது நான்காம் நிலை. 1985இல் மைக்கேல் மேஷெட் மேலும் இரண்டு நிலைகளைச் சேர்த்தார்: உடைந்து, மீண்டும் ஒட்டி, பலமுறை புதுப்பிக்கப்பட்ட மிகப் பழைய அடுக்குகள்.

முதல் நிலைக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதும். நான்காம் நிலைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படலாம். சரளை மண்ணில் இது விரைவு, ஏனெனில் நிரப்ப வேண்டிய இடைவெளி குறைவு, களிமண்ணில் தாமதம். முற்றிய அடுக்கை மண்வெட்டி வெட்டாது, கடப்பாரைதான் வேண்டும். காலிச்சே, கால்கிரீட் என்று வெவ்வேறு நாடுகளில் அழைக்கப்படுவது இதுவே.

டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள லானோ எஸ்டகாடோ மேட்டுநிலம் இந்த இறுகிய அடுக்கைத் தொப்பியாக அணிந்திருக்கிறது. சுற்றிலும் அரிப்பு தின்றுவிட, தொப்பி காத்த இடம் மட்டும் செங்குத்து விளிம்புகளோடு உயர்ந்து நிற்கிறது. மண்ணின் உள்ளே உருவான ஓர் அடுக்கு நிலத்தோற்றத்தையே தீர்மானிக்கிறது. எனக்கு இந்த மண்ணில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதுவும் களர் மண்ணும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் வீணாகும் பணமும் உழைப்பும் கொஞ்சமல்ல. கால்சிசாலின் கார அமில நிலை (pH) 7க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும். காற்றோடு சமநிலையில் உள்ள கால்சியம் கார்பனேட் 8.2, 8.3க்கு மேல் அதைத் தூக்காது. 8.5ஐத் தாண்டினால் சோடியம் நுழைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும், அது களர். களர் மண்ணுக்கு ஜிப்சம் மருந்து, ஏனென்றால் அது சோடியத்தைத் தள்ளிவிடக் கால்சியம் தருகிறது. சோடியச் சிக்கல் இல்லாத கால்சிசாலில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஜிப்சம் இடுவது நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

கந்தகம் போட்டுச் சுண்ணாம்பை முறித்துவிடலாமே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை தணியும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 2,000 டன். அதில் 10 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 200 டன். 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைத் தீர்க்க 32 கிலோ கந்தகம் வேண்டும். ஆக 64 டன் கந்தகம், ஒரு ஹெக்டேருக்கு, அதுவும் மேல் சாண் மண்ணுக்கு மட்டும். செடியின் வேரருகே குறுகிய வரிசையில் கந்தகமோ அமிலத்தன்மை கொண்ட உரமோ இட்டு அந்தச் சிறு இடத்தை மட்டும் மாற்றுவது வேறு. அது பலன் தரும். நிலம் முழுவதையும் மாற்றும் திட்டம் பகற்கனவு.

பயிர்களுக்கு எந்தச் சத்துகள் குறையும்?

மணிச்சத்து (பாஸ்பரஸ்), இரும்பு, துத்தநாகம் மூன்றும் முதன்மை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) குறைவுதான், ஏனென்றால் மக்கு பொதுவாக ஒன்றிரண்டு சதவீதமே. யூரியாவை மேலாகத் தூவினால் அதிலும் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண்ணுக்குள் புதைக்க வேண்டும்.

மணிச்சத்து மண்ணில் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புத் துகளின் மேல் ஒட்டியோ கால்சியம் பாஸ்பேட்டாகவோ சிறைப்பட்டிருக்கிறது. அமில மண்ணுக்கான பரிசோதனை முறைகள் இங்கே ஏமாற்றும். சோடியம் பைகார்பனேட் கொண்டு செய்யும் ஓல்சன் முறை (1954) இந்த வகை மண்ணை மனதில் வைத்தே உருவானது. உரத்தை விதைக்கு அருகே வரிசையாக இடுவது தூவுவதைவிட மேல். வறண்ட நிலத்தில் மணிச்சத்து தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது என்பது வியப்பாக இருக்கலாம். வடக்கு சிரியாவில் 1980களில் நடந்த பார்லி ஆய்வுகளில், உரம் பெற்ற பயிர் விரைவில் இலை விரித்து நிலத்தை மூடியதால், மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீர் குறைந்து, அதே மழையில் கூடுதல் விளைச்சல் கிடைத்தது.

இரும்பின் கதை இன்னும் விசித்திரம். மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் இந்தக் காரநிலையில் அது கரைவதே இல்லை. நீரில் உள்ள பைகார்பனேட் வேரின் முயற்சியையும் முறித்துவிடுகிறது. இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பு சல்பேட்டை மண்ணில் கொட்டினால் நாள்கணக்கில் துருவாகிவிடும். இரும்பைப் பிடித்து வைத்துக் கரைநிலையில் காக்கும் கொடுக்கிணைப்புச் சேர்மங்களில் (செலேட்) ஈடிடிஏ வகையும் இங்கே நிலைக்காது. ஈடிடிஎச்ஏ வகைதான் தாங்கும், விலையும் அதற்கேற்ப. புல் குடும்பப் பயிர்கள் சில தாமே வழி கண்டிருக்கின்றன. பார்லியின் வேர், இரும்பைப் பிடித்துக் கரைக்கும் முஜினிக் அமிலங்களைச் சுரக்கிறது. 1970களில் ஜப்பானில் டகாகி இதைக் கண்டறிந்தார். அதே குடும்பத்தின் நெல்லும் சோளமும் இந்தத் திறனில் பின்தங்கியவை.

பழமரங்களில் தீர்வு பெரும்பாலும் ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியில்தான். பிரான்சில் பைலாக்செரா பூச்சிக்கு அஞ்சி அமெரிக்கத் திராட்சை வேர்களில் ஒட்டுக்கட்டியபோது, சுண்ணாம்பு நிலங்களில் கொடிகள் மஞ்சளித்துச் செத்தன. 1887இல் பியர் வியலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாகப் படர்ந்த பெர்லாண்டியேரி கொடி விடையானது. அந்தப் பிரெஞ்சு நிலங்கள் வறண்டவை அல்ல, கால்சிசாலும் அல்ல. ஆனால் மண்ணை மாற்ற முடியாதபோது வேரை மாற்றலாம் என்ற பாடம் இங்கும் அப்படியே பொருந்தும்.

குறைகள் மட்டும்தானா?

இல்லை. கால்சியம் களித்துகள்களைச் சேர்த்துப் பிடிப்பதால் மண் கட்டமைப்பு நன்றாக இருக்கும். அமிலமாகும் ஆபத்தும் அலுமினிய நச்சும் கிடையாது. பல இடங்களில் மண் ஆழமானது, நடுத்தர நயமுடையது, ஈரம் பிடிக்கும் திறனும் போதுமானது. நீர் கிடைத்துச் சத்துகளையும் சரிசெய்தால் கோதுமை, பருத்தி, குதிரைமசால், சூரியகாந்தி, முலாம்பழம் எல்லாம் நன்கு வரும். ஒலிவ, பாதாம், பிஸ்தா, அத்தி மரங்கள் சுண்ணாம்பைப் பொருட்படுத்துவதில்லை.

பாசனத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மேல்மண் நுண்வண்டலாக இருந்தால் நனைந்ததும் கரைந்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். முளைக்கும் பருப்புப் பயிர்கள் அதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் மடியும். பாத்தியில் நீர் கட்டுவதைவிடச் சால் பாசனம் நல்லது. வரப்பின் மேல் இருக்கும் விதை நீரில் மூழ்காது. இறுகிய அடுக்கு ஆழமின்றி இருந்தால் நீரை அளந்தே விட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேல் நீர் தேங்கி உப்பை மேலே ஏற்றும். சொட்டுநீர்க் குழாய்களை இந்த நிலங்களின் கடின நீர் அடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அரிப்பு ஏற்பட்டால்?

பெருமழையில் நீர் உள்ளே போகாமல் மேலாக ஓடி, மெல்லிய மேல்மண்ணை வழித்துச் செல்லும். முதலில் அடியிலிருந்த சுக்கான் கட்டிகள் வெளியே தெரியும், பிறகு பாறை அடுக்கே தலைகாட்டும். அந்த நிலையில் உழவுக்கு இடமில்லை, மேய்ச்சலும் கடினம். மேல்மண் மீண்டும் உருவாக மனித வாழ்நாள்கள் போதாது.

இந்தச் சுண்ணாம்பு கார்பன் சேமிப்பா?

அளவைப் பார்த்தால் பெரிய சேமிப்பு. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் கார்பனேட்டாக உள்ள கார்பன் 70,000 கோடி முதல் 95,000 கோடி டன் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்; அதில் பெரும்பகுதி வறண்ட நிலங்களில்தான். ஆனால் புதிதாகப் படியும் ஒவ்வொரு கட்டியும் காற்றிலிருந்து கார்பனை நிரந்தரமாக எடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பழைய சுண்ணாம்பு கரைந்து மீண்டும் படிந்தால் எடுத்த வாயு அப்படியே திரும்பி வெளியேறும். நிகரக் கணக்கு சுழியம். கால்சியமானது சிலிகேட் கனிமங்களிலிருந்து வந்தால் மட்டுமே உண்மையான வரவு. கார்பனேட் செறிந்த நிலத்தடி நீரை இறைத்துப் பாய்ச்சும்போது மண்ணில் சுண்ணாம்பு கூடும், காற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடும் போகும். விற்பனைக்கு வரும் கார்பன் கணக்குகளில் இந்த வேறுபாடு சில வேளை மறைந்துவிடுகிறது.

பழைய தட்பவெப்பத்தை இதிலிருந்து அறிய முடியுமா?

முடியும், ஆழத்தைவிட ஐசோடோப்பு நம்பகமானது. சுக்கான் கட்டியில் உள்ள கார்பன், அது படிந்தபோது மேலே வளர்ந்த தாவரங்களின் மூச்சிலிருந்து வந்தது. மரங்களும் குளிர்காலப் புற்களும் ஒரு கார்பன் விகிதத்தையும், வெப்பநிலப் புற்கள் வேறொரு விகிதத்தையும் விட்டுச்செல்கின்றன. பாகிஸ்தானின் சிவாலிக் மலைப்படிவுகளில் புதைந்த மண் அடுக்குகளிலிருந்து கட்டிகளை எடுத்து ஜே குவேட், துரே செர்லிங் ஆகியோரின் குழு 1989இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் வெப்பநிலப் புல்வெளிகள் பரவியதைக் காட்டியது. அந்த மாற்றத்தைப் பருவமழை வலுத்ததன் அடையாளம் என்று அவர்கள் வாசித்தார்கள். பின்னர் அதே காலத்தில் வேறு கண்டங்களிலும் இந்த மாற்றம் தென்பட்டதால், வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. புல் பரவியதில் ஐயமில்லை. ஏன் என்பதில்தான் வாதம்.